சத்தம் போடாத பலகை

இப்போது நீ இருக்கும் வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது என்று நம்புகிறேன்.

இங்கே வெந்நீருக்கும் அறைகளைச் சூடாக்கவும் புது பாய்லர் வைத்தேன். படுக்கப் போகும்போது அழுத்தம் சரியாக இருக்கும். விடிந்தால் அதைக் காட்டும் முள் பூஜ்யத்தில் கிடக்கும். லீட்ஸ் குளிரில் தினமும் தண்ணீர் ஏற்றி ஏற்றி அலுத்துப்போய், அதைப் பொருத்திய டெஸ்மண்டைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"என் வேலைல குத்தமில்ல, கண்ணு! எங்கயோ ஒரு குழாய் ரொம்ப நாளா ஒழுகுது. அது ஒழுக ஒழுக, உங்க பழைய பாய்லர் பரண் தொட்டிலருந்து தானா தண்ணி எடுத்துக்கிச்சு. அதான் யாருக்கும் தெரியல. புதுசுக்குத் தொட்டி கிடையாது, காட்டிக் குடுத்துடும்."

மாடி நடையில் கம்பளத்தை உரித்தோம். குப்பென்று நாற்றம் அடித்தது. அந்த நாற்றத்துக்குத்தானே நாய்மேல் பழி போட்டு, அதைக் கராஜில் கட்டச் சொன்னாய்! பலகையில் பளபளவென்று ஒரு ஸ்க்ரூ, அடியில் ஓடும் குழாய்க்குள்ளேயே இறங்கியிருந்தது.

"எந்த மடையன் இத முடுக்குனான்?" என்றான் டெஸ்மண்ட்.

கால் வைத்தால் கிரீச்சிடுமே, அந்தப் பலகைதான். "உன் தூக்கம் கெடக் கூடாதுன்னு சரி பண்ணேன்" என்று நீ சொன்னபோது உனக்கு முத்தம் கொடுத்தேன். இப்போது நினைத்தால் வாயைக் கழுவத் தோன்றுகிறது. அதன்பிறகு ராத்திரியில் நீ போனதும் வந்ததும் எனக்குக் கேட்கவே இல்லை.

குழாயை மாற்றியாயிற்று, முள் அசையவில்லை. பலகையை மட்டும் முடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது நாய் நடந்தால்கூடக் கேட்கிறது.

இப்படிக்கு,
நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவள்