காத்துப் பெட்டியும் பொன்முடி வண்டியும்

காலையில் ஷீபா ஒரு கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீங்கள் வேலை பார்த்த டிப்போவில் இப்போது டிரைவராக இருப்பவரின் மனைவி. அவளை உங்களுக்குத் தெரியாது. மேசைமேல் பையை வைத்து ஜிப்பைத் திறந்ததும் புது ரப்பர் வாடை அடித்தது. உறங்கும்போது மூக்கில் மாட்டும் மாஸ்க்கின் வாடை. நீங்கள் போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம் ஆகப் போகிறது. போட்டோவைப் பார்த்தால்கூட இப்போதெல்லாம் எனக்கு அழுகை வருவதில்லை. இந்த வாடைக்கு வந்துவிட்டது. ஷீபா பயந்துபோய், என்ன ஆச்சு என்று, "எந்தா பற்றி சேச்சி?" என்றாள். "ஒண்ணும் ஆகல. எங்க வீட்டுக்காரர் மணக்குதார்" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை.

அவள் கணவருக்கும் உங்களுக்கு வந்ததேதான். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். டாக்டர் காற்று மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். மனுஷர் மாட்டிய அரை மணி நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றி எறிகிறாராம். உங்களுக்கு எப்படிச் சரியானது என்று கேட்க வந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் பேசினேன். அவள் போன பிறகும் எனக்குப் பேச்சு நிற்கவில்லை. மீதியை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதில் என் பெருமை எங்கே இருக்கிறது என்று நீங்கள் உயிரோடு இருந்தபோது நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்றைக்கு நீங்கள் ஓட்டியது, பொன்முடி மலையிலிருந்து தம்பானூர் ஸ்டாண்டுக்குத் திரும்பும் பஸ். மத்தியானம் மூன்று மணி, நல்ல வெயில். இறக்கத்து வளைவு ஒன்றில் உங்கள் கண் மூடிவிட்டது. கண்டக்டர் பாபு "அண்ணா" என்று கத்தியதில் முழித்துப் பிரேக்கை மிதித்தீர்கள். முன்சக்கரம் ரோட்டோரத்து மண்ணில் ஏறி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பாபு உங்கள் காதோரம் வந்து, "பிரேக் கம்ப்ளைன்ட்னு எழுதலாம் அண்ணா, ஆருக்கும் அறியில்ல" என்றாராம். நீங்கள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு எழுந்து, வண்டியில் இருந்த ஆட்களைப் பார்த்துத் திரும்பி நின்றீர்கள். "ஞான் உறங்கிப் போயி. இனி ஈ வண்டி ஞான் எடுக்கில்ல" என்று சொன்னீர்கள். நான் உறங்கிவிட்டேன், இனி இந்த வண்டியை நான் ஓட்டமாட்டேன். அடுத்த வண்டியில் ஆட்களை ஏற்றி அனுப்பிவிட்டு, டிப்போவிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

இதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுகிற நான், அன்றைக்கு என்ன செய்தேன் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு? பாபு அவ்வளவு சொல்லியும் கேக்காம, நான் உறங்கினேன் உறங்கினேன்னு தம்பட்டம் அடிக்கணுமா?" என்று கத்தினேன். நம் வலியசாலைத் தெரு பாதிக்குக் கேட்டிருக்கும். நீங்கள் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "ஏட்டி, அதுல நாப்பது பேரு இருந்தாங்க" என்றீர்கள். நான் அன்று சமைக்கவும் இல்லை.

உங்களை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். பழைய டயரையும் கண்ணாடியையும் பார்த்துக்கொள்ளும் வேலை. கேன்டீனில் 'உறக்கம் அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள். ஆனால் ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பொன்முடி வண்டி கிளம்புவதைப் பார்க்கும்போது உங்கள் வலது கால் தானாகத் தரையை அமுக்கும் என்று பாபு சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் சோதித்தபோது உறக்கத்தில் மூச்சு நின்றுபோகிறது என்று அந்த லேடி டாக்டர் சொன்னதில் எனக்கு என்ன புதுசு? கல்யாணமான நாளிலிருந்து உங்கள் குறட்டைக்குக் காது கொடுத்துக்கொண்டே படுத்தவள் நான். குறட்டை கேட்டால் எரிச்சல் வரும், நின்றுவிட்டால் பயம் வரும். நின்ற மூச்சு திரும்ப வருகிறதா என்று உங்கள் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். அது ஒரு நோய், அதற்கு ஒரு மருந்து உண்டு என்றுதான் தெரியாது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மாதம் மெஷின் போட்டு ஒழுங்காக உறங்க வேண்டும், எத்தனை மணி நேரம் போட்டீர்கள், மூச்சு எத்தனை தடவை நின்றது என்பதெல்லாம் மெஷினிலேயே பதிவாகும், அது சரியாக இருந்தால் ஸ்டியரிங்கைத் தொட எழுதித் தருவேன், இல்லையென்றால் கிடையாது. அன்றிலிருந்து உங்கள் பொன்முடி வண்டி அந்தக் காத்துப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் வாரம் நீங்கள் பட்ட பாட்டைச் சொல்லிச் சிரித்தபோது ஷீபாவும் சிரித்தாள். "ஜன்னல்ல தலையை நீட்டிக்கிட்டு நெடுமங்காடு வரைக்கும் போன மாதிரி இருக்குட்டி" என்றீர்கள். ஆனால் எறியவில்லை. லீவு நாளில் பட்டப்பகலில் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பேப்பர் படித்தீர்கள். உறங்குவதற்கு இல்லை, மூஞ்சிக்குப் பழக வேண்டும் என்று. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உங்களைப் பார்த்து அரண்டு, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டார். மாஸ்க்குக்குள் இருந்தபடியே, பரவாயில்லை என்று கையை ஆட்டி, "சாரமில்ல, பிராக்டீஸ்" என்றீர்கள்.

மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தை நீங்கள் படித்த மாதிரி எந்தப் பரீட்சைக்கும் யாரும் படித்திருக்கமாட்டார்கள். அதில் 'ராம்ப்' என்று ஒன்று இருந்தது. காற்று எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் அடிக்காமல், மெல்லத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். யாரும் அதை உங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. நீங்களே பட்டனைத் திருகிக் கண்டுபிடித்தீர்கள். "ஏத்தத்துல எடுத்ததும் டாப் கியர் போட்டா வண்டி போகுமாட்டி? பையத்தான் ஏத்தணும்" என்று எனக்குப் பாடம் வேறு. அடுத்து, மெஷினுக்குள் தண்ணீர் ஊற்றிக் காற்றை ஈரமாக்கும் ஏற்பாடு. மழைக்காலத்தில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு மூக்கில் சொட்டியது. "இந்த ஊர்ல காத்தைப் பிழிஞ்சாலே தண்ணி வரும், இதுல இது வேறயா" என்று அந்த ஈரத்தை இரண்டு படி குறைத்தீர்கள். சொட்டுவது நின்றது. ஆனால் காற்றின் பிரஷரை மட்டும் நீங்கள் தொடவே இல்லை. "பிரஷர் டாக்டர் பாடு. மத்ததெல்லாம் நம்ம பாடு" என்றீர்கள். இதை ஷீபாவிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பிரஷரில் கை வைத்துக் கெடுத்தவள் நான். அதையும் அவளிடம் மறைக்கவில்லை. நீங்கள் ஸ்டோருக்குப் போயிருந்த நேரம், மெஷின் கொடுத்த கடையிலிருந்து டெக்னீஷியன் போன் பண்ணினார். மலையாளத்தில், "சேச்சி, சேட்டன்டெ வலி எங்ஙனெயுண்டு? குறவுண்டோ?" என்று கேட்டார். உங்கள் மூக்குத்தண்டில் மாஸ்க் அழுத்திச் செவசெவ என்று ஒரு கோடு விழுந்திருந்தது, காலையில் தொட்டாலே முகம் சுளிப்பீர்கள். அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "குறவில்ல, நல்ல வலியுண்டு" என்று நீட்டி முழக்கினேன். "சரி, ஞான் இவிடெ நின்னு கொறச்சு கூட்டாம்" என்றார். இங்கிருந்தே கொஞ்சம் கூட்டுகிறேன் என்கிறார், ஏதோ களிம்பைக் கூட்டித் தரப்போகிறார் என்று இருந்துவிட்டேன். அவர் டாக்டரிடம் கேட்டு, அங்கே இருந்தபடியே மெஷினின் பிரஷரைக் கூட்டிவிட்டார்.

அந்த வாரம் நீங்கள் பட்டது முதல் வாரத்தைவிட மோசம். மாஸ்க் ஓரமெல்லாம் விசில் அடித்தது. கண் எரிந்தது. வயிற்றுக்குள் காற்றுப் போய் உப்பிக்கொண்டது. அன்றுதான் முதல்முறையாக, "எனக்கு இனி ஸ்டோர்தான்ட்டி" என்றீர்கள். மறுநாள் நீங்களே கடைக்குப் போன் போட்டீர்கள். பேசிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏட்டி, அவன் கேட்டது கூர்க்கம்வலி" என்றீர்கள். குறட்டைக்கு மலையாளத்தில் கூர்க்கம்வலி. சுருக்கமாக வலி. முப்பது வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும், 'வலி' என்று காதில் விழுந்ததும் இந்த வள்ளியூர்க்காரிக்கு மூக்குவலிதான் ஞாபகம் வந்திருக்கிறது. குறட்டை குறையவில்லை, பலமாக இருக்கிறது என்று நானே சாட்சி சொல்லிவிட்டேன்.

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். ஸ்டியரிங் போயிருந்தால் என்னால்தான் போயிருக்கும். நீங்கள் போனை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். டாக்டர் பிரஷரைப் பழையபடி இறக்கினார். மூக்குத்தண்டு வலிக்கு மாஸ்க் வாரை ஒரு பல் தளர்த்தினால் போதும் என்றார்கள். தளர்த்தினால் மீசை வழியாகக் காற்று ஒழுகியது. டிப்போவே உங்களை அந்த மீசையை வைத்துத்தான் அடையாளம் சொல்லும். மறுநாள் காலையில் குளியலறையிலிருந்து வேறு யாரோ வெளியே வந்த மாதிரி வந்து நின்றீர்கள். "மீசையா ஓட்டுது வண்டியை?" என்று கேட்டீர்கள். அதன் பிறகு ஒழுகவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் மெஷின் பதிவைக் கம்ப்யூட்டரில் பார்த்து, ஒரு நாள்கூட விடவில்லையே என்றார். கையெழுத்துப் போட்டுத் தந்தார். நீங்கள் அந்தக் காகிதத்தை மடிக்காமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தீர்கள்.

முதல் நாள் டியூட்டிக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறினேன். உங்களுக்கு நேர் பின் சீட்டு. இப்போது உண்மையைச் சொல்கிறேன், பொன்முடியைப் பார்க்க நான் வரவில்லை. காகிதத்தில் டாக்டருக்கு நம்பிக்கை இருந்தது, எனக்கு இல்லை. மேலே இருந்த கண்ணாடியில் உங்கள் கண் தெரிந்தது. தலை லேசாகச் சாய்ந்தாலும் தோளில் தட்டிவிட வேண்டும் என்று கம்பியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நெடுமங்காடு தாண்டியது. விதுராவில் ஆட்கள் இறங்கி ஏறியதுவரை ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

பாபு தோளைத் தொட்டு எழுப்பியபோது வண்டி பொன்முடியில் நின்றிருந்தது. வெளியே ஒரே மஞ்சு, பனிமூட்டம். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் நான் உறங்கியிருக்கிறேன். உங்கள் கண் மூடிய அந்த வளைவிலும். முப்பது வருஷமாக உங்கள் மூச்சுக்குக் காவல் கிடந்தவள், காவலுக்கென்றே வந்த இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு உறங்கியிருக்கிறேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. நீங்கள் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, "பாபு அப்பவே எழுப்பப் பாத்தான், நாந்தான் வேண்டாம்னேன். நம்ம வண்டியில ஆளு உறங்கணும்ட்டி, அதுதான் டிரைவருக்கு மரியாதை" என்றீர்கள். நான் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். உங்களைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். டீ வாங்கித் தாங்க என்று மட்டும்தான் கேட்டேன்.

இன்றைக்கு ஷீபா கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே தயங்கி நின்றாள். கணவர் இன்னும் டிப்போவில் சொல்லவில்லையாம். தினமும் வண்டி எடுக்கிறாராம். "பறஞ்ஞா வண்டி போவும் சேச்சி" என்றாள். சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்.

அவளை உள்ளே கூப்பிட்டுத் திரும்ப உட்கார வைத்தேன். "எங்க வீட்டுக்காரர் சொன்னார். வண்டி போச்சு. வாங்கிக் கட்டிக்கிட்டார், என்கிட்டயும்தான். அப்புறம் திரும்பி வந்துச்சு. அந்த வண்டியில நான் உறங்கினேன்" என்றேன்.