பாலத்து மஞ்சள் கோடு

ஜூன் 30, செவ்வாய்

இன்று காலை நாய்கள் நடுச்சாலையில் படுத்திருந்தன. முதலில் அதைத்தான் கவனித்தேன். எல்லைச் சாவடிக்குப் போகிற சாலையில் ஒரு நாய் இப்படிக் காலை நீட்டிப் படுத்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம்தான் உறைத்தது. லாரி இல்லை. ஒன்றுகூட இல்லை.

நான் வழக்கம்போல அத்தை கடையில் மாவு பிசைந்துவிட்டேன். டோர்ட்டியா தட்டத் தட்ட அடுக்கு உயர்ந்ததே தவிர வாங்க ஆளில்லை. பாலத்தின் அந்தப் பக்கம் சால்வடார்க்காரர்கள் சரக்கு லாரிகளை நிறுத்திவிட்டார்களாம். குவாத்தமாலாவும் நிகராகுவாவும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை பட்டாளம் எங்கள் ஜனாதிபதியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, உடுத்திய இரவு உடுப்போடு விமானத்தில் ஏற்றி அனுப்பியதே, அதற்காக. இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை ஹோண்டுராஸின் அரசாங்கமாக ஏற்க மாட்டார்களாம்.

"அரசாங்கத்தை ஏத்துக்க வேணாம். டோர்ட்டியாவையாச்சும் ஏத்துக்கலாமில்ல?" என்றாள் சாயோ அத்தை.

இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஒரு சால்வடார் டிரைவர் மட்டும் உட்கார்ந்து தின்றார். அத்தை விடவில்லை. சால்வடார்க்காரர்களை நாங்கள் கேலியாகக் குவானாக்கோ என்போம்.

"ஏன்டா குவானாக்கோ, சொந்த ஊர்க்காரனே உன்னை உள்ள விட மாட்டேங்கிறானே!"

"என்னை விடுவாங்கக்கா. லாரியில இருக்குற உங்க ஊரு பாலாடைக்கட்டியைத்தான் வேணாங்கிறாங்க. அது நாறுறதுக்குள்ள உங்க சண்டைய முடிங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 2, வியாழன்

லாரி ஓடுகிறது. நாய்கள் ஓரத்துக்குப் போய்விட்டன. "முடிஞ்சுது" என்றார் அப்பா. "சரக்குக்குத்தான் திறந்தாங்க, நமக்கில்ல" என்றாள் அத்தை.

ஜூலை 9, வியாழன்

எங்கள் ஊர் டெம்பிஸ்கேவுக்கும் புது மேயர். தோன் ருட்டிலியோ, சிமெண்டும் உரமும் விற்கிற கடைக்காரர். அப்பா அவரிடம்தான் மூட்டை ஏற்றுகிறார். நாங்கள் ஓட்டுப் போட்டு வந்த மேயரம்மா தோன்யா ஒனெய்தா, பட்டாளத்து ஜீப் வருவது தெரிந்ததும் ஆற்றில் இறங்கி அந்தக் கரைக்குப் போய்விட்டாராம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. இப்போது ஹிகாரோவில் இருக்கிறார். அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் வேறு நாடு.

வீட்டில் சோறு இறங்கவில்லை. அப்பா சொல்கிறார், எல்லாம் சட்டப்படிதான் மாற்றினார்களாம். அத்தை சொல்கிறாள், "துப்பாக்கியோட வந்து மாத்தினா அதுக்குப் பேரு கவிழ்ப்புடா, எவேலியோ. நீ பூ வச்சு அழகு பாக்காத."

என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

அக்காளுக்குப் பெண் குழந்தை!! நூரியா என்று பெயர். போனில் அழுகைச் சத்தம் கேட்டேன், பூனைக்குட்டி மாதிரி.

"நீதான் ஞானத்தாய்" என்றாள் மார்லெனி அக்காள். "அக்டோபர் நாலு. எங்க ஊர்த் திருவிழா அன்னிக்கே ஞானஸ்நானம். நீங்க எல்லாரும் உங்க ஊர்ச் சாமி லூசியாம்மாவைத் தூக்கிட்டு வருவீங்கல்ல, அப்படியே கோயிலுக்கு வந்துடு."

"கோயில்ல சத்தமாப் பதில் சொல்லணுமேக்கா?"

"சொல்லு. அதுக்கென்ன? என் பிள்ளைக்காக ஒரு தரம் வாயத் தொற."

அம்மா செத்த வருஷம் எனக்குத் தலை வாரிவிட்டது அக்காள்தான். பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டபோது, படித்தது மறந்துபோகும், எதையாவது எழுதிக்கொண்டே இரு என்று இந்த நோட்டை வாங்கித் தந்ததும் அவள்தான். அவள் குழந்தைக்கு நான் ஞானத்தாய். வேறு எதற்கும் என்னை யாரும் முன்னால் நிறுத்தியதில்லை. பயமாக இருக்கிறது. ரொம்ப ஆசையாகவும் இருக்கிறது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

கெட்டுப்போனது.

வருஷா வருஷம் இந்த ஞாயிறு இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பாலத்தின் நடுவில், மஞ்சள் கோட்டருகே சந்தித்து, ரொட்டியும் கொக்கோவும் மாற்றிக்கொண்டு, திருவிழாவைப் பேசி முடிப்பார்கள். இன்று அப்பாவும் தோன் ருட்டிலியோவும் போனார்கள். கொண்டுபோன ரொட்டியோடு திரும்பி வந்தார்கள்.

வழக்கம் இதுதான். எங்கள் லூசியாம்மாவின் சுரூபம் கோட்டுக்கு முன்னால் நிற்கும். அந்த ஊர்த் தலைவர் "யார் வர்றது?" என்று கேட்பார். எங்கள் மேயர் கோலை ஊன்றித் தன் பெயரைச் சொல்வார். தலைவர் அந்தப் பெயரைத் தம் ஊருக்குத் திருப்பிச் சொல்லி "வரட்டும்" என்பார். அதற்குப் பிறகுதான் சுரூபம் கோட்டைத் தாண்டும்.

ருட்டிலியோ பெயரைத் திருப்பிச் சொல்ல மாட்டாராம் அந்த ஊர்த் தலைவர் தோன் சிரியாக்கோ. "சாமிய அனுப்புங்க, தலைமேல வச்சுக்கிறோம். கோலை மட்டும் ஒனெய்தாம்மா கையில குடுங்க. எங்களுக்குத் தெரிஞ்ச மேயர் அவங்கதான்" என்றாராம்.

"அவ அங்க அவங்க வீட்டுல உக்காந்து அவங்க ஊரு புபூசா ரொட்டி தின்னுக்கிட்டிருக்கா! அவ எப்படி இங்கேருந்து சாமியக் கூட்டிட்டுப் போவா?" என்று அப்பா கத்தினார். "நம்ம ஊருக்கு யார் மேயர்னு சொல்றதுக்கு அவனுங்க யாரு?"

அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "உனக்கு மட்டும் யார்றா சொன்னாங்க? பட்டாளத்துக்காரன்தானே?" என்றாள்.

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

ஆகஸ்ட் 17, திங்கள்

ருட்டிலியோவின் சிமெண்டு லாரி இன்றும் பாலத்தைத் தாண்டி ஹிகாரோவுக்குப் போனது. சிமெண்டிடம் யாரும் பெயர் கேட்கவில்லை.

செப்டம்பர் 6, ஞாயிறு

அக்காள் போனில் குசுகுசுவென்று பேசினாள். பக்கத்தில் மாமியார் இருந்திருப்பாள்.

"ஆட்சியப் பிடுங்கினவங்க வீட்டுலேருந்து ஞானத்தாய் வேணாங்கிறாங்கடி. ஐரிஸே நிக்கட்டுமாம்." ஐரிஸ் அவள் நாத்தனார்.

நான் எதைப் பிடுங்கினேன்? தினமும் கோழிக்கு இறகு பிடுங்குகிறேன். அவ்வளவுதான். ஆனால் "சரிக்கா" என்றேன். ஏன் சரி என்றேன்? என்ன சரி? போனை வைத்தபிறகு பதில் பதிலாக வருகிறது எனக்கு, கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு கோழிகளுக்குச் சொல்கிறேன்.

அக்காளே கடைசியில் சொன்னாள்: "நீ வந்து நின்னா நான் யார் சொன்னாலும் கேக்க மாட்டேன். வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சாமியார் காத்திருக்க மாட்டாரு."

செப்டம்பர் 15, செவ்வாய்

சுதந்திர தினம். அவர்களுக்கும் இதே நாள்தான். இங்கே பிள்ளைகள் முரசு அடிக்க, அங்கேயும் அடிக்க, ஆற்றின் மேல் இரண்டும் கலந்து எது யாருடையது என்று தெரியவில்லை. அத்தை சொன்னாள்: "சேர்ந்துதான் விடுதலை வாங்கினோம், கழுதைங்க."

செப்டம்பர் 22, செவ்வாய்

நாள் முழுக்க ஊரடங்கு. துரத்தப்பட்ட ஜனாதிபதி யாருக்கும் தெரியாமல் தலைநகருக்குத் திரும்பி வந்து பிரேசில் தூதரகத்துக்குள் இருக்கிறாராம். எல்லையை மூடிவிட்டார்கள். பிசைந்த மாவு புளித்தது. பன்றிக்குப் போட்டோம்.

பக்கத்து நாடுகள் ஏற்கவில்லை, ஏற்கவில்லை என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஏற்காமல் என்ன ஆனது? நாற்காலியில் இருப்பவர் இருக்கிறார். ருட்டிலியோ இருக்கிறார். எனக்குத்தான் போக வழி இல்லை. இவர்களும் விட்டுத்தர மாட்டார்கள், அவர்களும் விட்டுத்தர மாட்டார்கள். பெரியவங்களா இவங்க? ஒரு பேரு! வாயத் திறந்து ஒரு பேரச் சொன்னா என்ன கொறஞ்சு போகும்? இல்ல, அந்தக் கோலைக் கொஞ்ச நேரம் கீழ வச்சாத்தான் என்ன?

அக்டோபர் 3, சனி

எல்லையைத் திறந்துவிட்டார்கள். ருட்டிலியோ முடிவு செய்துவிட்டார். நாளை சுரூபம் போகும், கோலும் போகும், தானும் வருவாராம். "சாமி முன்னால எப்படி வாயடைச்சு நிப்பாங்கன்னு பாக்கிறேன்" என்றாராம். சுரூபம் தூக்கும் முன்தண்டு அப்பாவுக்கு. மெழுகுவர்த்தி ஏந்தும் பெண்களில் நானும்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அப்பா, அவங்க விடலைன்னா நான் மட்டும் போயிட்டு வரட்டுமா? ஞானஸ்நானத்துக்கு."

அவர் செருப்புவாரைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவங்க நம்ம மேயரை மதிக்கிற வரைக்கும் என் வீட்டு ஆள் யாரும் கோட்டத் தாண்டறதில்ல. தாண்டினா அங்கயே இருந்துக்க."

"அது அக்கா குழந்தைப்பா."

"எனக்குத் தெரியாதா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அப்புறம் வெளியே போய்விட்டார். அவரும் இன்னும் பேத்தியைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 4, ஞாயிறு

ஹிகாரோவில், அக்காள் வீட்டில் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் பாலத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம். அந்தப் பக்கம் ஊரே நின்றது, கொடியும் வாத்தியமுமாக. கூட்டத்தில் அக்காளைக் கண்டுபிடித்தேன். குழந்தை ஐரிஸ் கையில் இருந்தது. ஐரிஸ் வெள்ளை உடுத்தியிருந்தாள்.

தோன் சிரியாக்கோ தொப்பியைக் கழற்றி, "யார் வர்றது?" என்று கேட்டார்.

ருட்டிலியோ கோலை ஊன்றினார். "டெம்பிஸ்கே மேயர், ருட்டிலியோ! லூசியாம்மாவோட!"

மறுபடியும் சொன்னார். தோன் சிரியாக்கோ லூசியாம்மாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். ஆனாலும் திறக்கவில்லை.

"பேரைச் சொல்லுய்யா, கெழட்டுக் குவானாக்கோ!" என்று எங்கள் பக்கத்திலிருந்து யாரோ கத்த, "தேர்தல்ல நின்னு வரச் சொல்லு, கத்ராச்சோ!" என்று அங்கிருந்து ஒரு குரல். கத்ராச்சோ என்பது எங்களுக்கு அவர்கள் வைத்த பெயர். இரண்டு பக்கமும் சிரிப்பு, அப்புறம் வசவு. மெழுகு உருகி என் விரலில் வழிந்தது. அப்பாவின் தோளில் சட்டை நனைந்து ஒட்டிவிட்டது. தண்டை இறக்கக் கூடாது, இறக்காமலே நின்றார்கள்.

கடைசியில் ருட்டிலியோ "திரும்புங்க" என்றார்.

ஆனால் திரும்ப முடியாது. லூசியாம்மாவின் முதுகை அந்த ஊருக்குக் காட்டக் கூடாது. விடைபெறும்போது கோட்டிலிருந்து நாலைந்து எட்டுப் பின்னால் நடப்பது உண்டு. இன்று பாலம் முழுக்கப் பின்னாலேயே நடக்க வேண்டியதாகிவிட்டது. தூக்கினவர்கள் காலால் தரையைத் துழாவித் துழாவிப் பின்வாங்கினார்கள். அப்பா ஒருமுறை இடறினார். லூசியாம்மா ஆடினாள். யாரும் சிரிக்கவில்லை, அந்தப் பக்கத்துக்காரர்கள்கூட.

மெழுகுவர்த்திப் பெண்களும் பின்னால் நடந்தார்கள். நான் மட்டும் நின்றுவிட்டேன். யோசித்து நிற்கவில்லை. ஐரிஸ் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கால் எடுக்கவில்லை. பிறகு சுற்றிப் பார்த்தால் பாலத்தில் கோட்டுக்கு முன்னால் நான் ஒருத்தி.

தோன் சிரியாக்கோ என்னைப் பார்த்தார். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை போல. தொப்பியை மறுபடி கழற்றினார்.

"யார் வர்றது?"

"டெல்மி" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"கேக்கலம்மா."

"டெல்மி! மார்லெனி தங்கச்சி! நூரியாவோட ஞானத்தாய்!"

பின்னாலிருந்து அப்பா "டெல்மி!" என்று கூப்பிட்டார். தண்டை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. அந்த ஒரு குரல்தான். அதட்டலா, வேறா, இப்போதும் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தோன் சிரியாக்கோ தம் ஊர்ப் பக்கம் திரும்பி, வாத்தியக்காரர்களுக்கும் கேட்கும்படி, "டெல்மி வரட்டும்!" என்றார்.

கோட்டைத் தாண்டினேன். அக்காள் ஐரிஸின் கையிலிருந்து குழந்தையை வாங்கி என்னிடம் கொடுத்தாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயிலில் சாமியார் கேட்டதற்கெல்லாம் "சாத்தானை விட்டுவிடுகிறேன்", "விசுவசிக்கிறேன்" என்று சொன்னேன். கடைசி வரிசை வரை கேட்டதாம்.

அக்டோபர் 7, புதன்

அத்தைக்குப் போன் செய்தேன். அப்பா என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். ருட்டிலியோ அவரிடம், "உன் பொண்ணு எதிரிகிட்டப் போய்ப் பேரு வாங்கிட்டா" என்றாராம். அப்பா மூட்டைதான் ஏற்றினாராம்.

இங்கே மாமியார் என்னை இன்னும் "அந்தப் பொண்ணு" என்கிறாள். நான் பெயரைச் சொல்லியும்.

அக்டோபர் 11, ஞாயிறு

காலையில் அத்தையின் போன். "உங்கப்பன் விடிஞ்சதுலேருந்து பாலத்துல நிக்கிறான். மீன் பிடிக்கப் போறேன்னான். தூண்டில் வீட்டுல இருக்கு."

குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கோட்டுக்கு இரண்டு எட்டு டெம்பிஸ்கே பக்கம்.

"புபூசா தின்னு மூஞ்சி ஊதிப்போச்சு உனக்கு" என்றார்.

நூரியாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் அங்க வர மாட்டேன். சொல்லிட்டேன்."

"வர வேணாம்ப்பா."

"அவங்க கேட்டாலும் வர மாட்டேன்."

"யாரும் கேக்கல."

நூரியா கொட்டாவி விட்டாள். அவர் எட்டிப் பார்த்தார், உடனே தண்ணீரைப் பார்த்தார்.

"இங்கேருந்து சரியாத் தெரியல" என்றார்.

கோட்டில் கால்விரல் படும்படி நின்றுகொண்டு, குழந்தையை இரண்டு கைகளாலும் அதற்கு மேலாக நீட்டினேன்.