ராணி அறை காலியில்லை

அன்புள்ள நாத்தனார் மகாராணிக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். நீயும் வயிற்றில் இருப்பதும் சௌக்கியம் என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், சௌக்கியம் இல்லாதவளுக்கு அது வருமா?

நான் பள்ளிக்கூடத்துக்குள் போனதைவிட அதன் சுவரைத் தாண்டி வெளியே போனதுதான் அதிகம். அதனால் சின்ன ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ உட்கார்ந்திருந்தால் சிரிக்காதே. சிரித்தால் வயிறு குலுங்கும், உள்ளே தூங்குவது எழுந்துகொள்ளும். உன் அண்ணனை எழுதச் சொன்னேன். நலம், நலமே விரும்புவது என்று போட்டுவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். அவர் தலையில் இருந்த முடியும் மொத்தமாகக் காலி. முன்னால் இருந்து பார்த்தாலும் பின்னால் இருந்து பார்த்தாலும் ஒன்றுபோல இருக்கிறார். அதுவும் ஒரு வசதிதான், எந்தப் பக்கம் நின்று திட்டினாலும் சரியாகப் போய்ச் சேருகிறது.

உன் கடிதத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை கப்பலேறிவிட்டார், பிரசவத்துக்கு அப்புறம்தான் வருவார், மாடியறையில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, அதனால் இங்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வந்து சும்மா உட்கார மனமில்லை, புகையிலைக் கிடங்கில் ராணி அறையில் ஓர் இடம் பிடித்து வையுங்கள் அண்ணி என்றும் கேட்டிருக்கிறாய். கூடவே வாய்க் கசப்புக்கு நல்ல இலையாகப் பார்த்து ஒரு பொட்டலம். நம் வீட்டுத் தந்தியிடம் இத்தனையையும் சொல்லி அனுப்பியிருந்தால் பொட்டலம் மட்டும் வந்து சேர்ந்திருக்கும்.

தந்தி என்று என் மகளுக்கு நீதான் பெயர் வைத்தாய். எதைச் சொல்லி அனுப்பினாலும் காற்றாகப் பறப்பாள், போய் நின்றதும் என்ன சொல்ல வந்தோம் என்று விழிப்பாள். செய்தி இல்லாத தந்தி என்று நீ சொன்னதும் தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். இப்போதும் அந்தப் பெயர்தான். சிரிப்புதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ராணி அறை மேல் உனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமாகிப் போகும்வரை நீ வெளிக்கொட்டகையில் நின்றபடியே காய்ந்த இலை தரம் பிரித்தவள். உள்ளறைக்குள் நுழைய உனக்கு அப்போது தகுதி இல்லை. வயிற்றில் ஒன்று இருந்தால்தானே மேஸ்திரி அந்தக் கதவைத் திறப்பார். மாசமாக இருக்கும் பெண்கள் வெயிலில் நிற்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று அந்த மனுஷன் தன் மனசாலே ஏற்படுத்திய அறை அது. முதுகுக்குத் திண்டு, காலுக்குப் பலகை, கையெட்டும் தூரத்தில் ஈர இலைக் குவியல். சூடு போகாமல் இருக்கக் கதவைச் சாத்தியே வைப்பார்கள். உட்கார்ந்தபடி கட்டுக் கட்டினால் போதும். தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ மேஸ்திரியே எலுமிச்சைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்து, “குடிம்மா ராணி, உள்ள இருக்கிறது பாடாப் படுத்துதா?” என்பார். நானும் அங்கே ராணியாக இருந்தவள்தான். தந்தி வயிற்றில் இருந்த காலம் முழுவதும்.

இப்போது தெருக் கதை ஒன்று சொல்கிறேன். பயப்படாதே, பேய்க் கதை இல்லை. பேயாக இருந்தால் விரட்டிவிட்டிருப்பேன்.

நம் தெருப் பிள்ளைகள் சாயங்காலம் ஒளிந்து விளையாடுவது உனக்கு நினைவிருக்கும். நீ இருக்கும்போது வாண்டுகளாக இருந்ததெல்லாம் இப்போது வளர்ந்துவிட்டன. விளையாட்டு தொடங்கும்போது கூரை பறக்கும் அளவுக்குச் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தமும் இருக்காது. வேறு தெருவில் இருந்து வந்த சொந்தக்காரர்கள், “உங்க பிள்ளைங்க எவ்வளவு அமைதி!” என்று மெச்சிவிட்டுப் போவார்கள். நாங்களும் பெருமையாகத் தலையாட்டுவோம். என்ன நடக்கிறது என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கண்ணைப் பொத்தி எண்ண வேண்டியவன் எண்ணி முடித்துவிட்டு, சுவரில் நெற்றியை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தான். கை கீழே தொங்குகிறது, கண் திறந்தே இருக்கிறது, திரும்பவில்லை. பிள்ளைகளின் நெற்றி பட்டுப் பட்டு அந்தச் சுவரில் ஓரிடம் வழவழவென்று மின்னுகிறது. வெள்ளையடித்தாலும் அந்த இடம் மட்டும் மறைய மாட்டேன் என்கிறது.

ஒளிந்தவர்கள் ஒளிந்த இடத்திலேயே இருப்பார்கள். தேடி வரவில்லையே என்று எட்டிப் பார்க்க மாட்டார்கள், அழ மாட்டார்கள். விளையாட்டு என்பதே நினைவில் இருந்து நழுவிப் போயிருக்கும். இருட்டுகிற நேரத்தில் அம்மாக்கள் எல்லோரும் போய், கொடியில் காய்ந்த துணியை எடுப்பதுபோல, பீப்பாய்க்குள் இருந்து ஒன்று, மாடிப்படிக்கு அடியில் இருந்து ஒன்று, சாக்குக்குப் பின்னால் இருந்து ஒன்று என்று எடுத்து வருவோம். என்னடா பண்ணிட்டிருந்தே என்று கேட்டால், தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் மாதிரி பார்ப்பார்கள். நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். தலையில் கைவைத்து, “கண்டுபிடிச்சாச்சு!” என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் விழுந்ததும் பிள்ளை சிரித்துக்கொண்டு எழுந்து வரும். சொல்லாமல் இழுத்தால் கல்லாகக் கனக்கும்.

வருஷக்கணக்காக இதைச் செய்தோம். ஒருத்திக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எல்லா வீட்டிலும் ஒன்றுபோல இருந்தால் அதுதான் பிள்ளைகளின் சுபாவம் என்று நினைத்துவிடுகிறோம், இல்லையா?

பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்ஸம்மா வந்தார்கள். தலை முழுக்க நரை, பேச்சில் சர்க்கரை. ஒரு தட்டில் சாவி, கரண்டி, பொத்தான் என்று சாமான்களை வைத்துக் காட்டி, துணியால் மூடி, ஒன்றை எடுத்துவிட்டு, எது இல்லை என்று கேட்டார்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்லிவிட்டார்கள். நம் தெருவில் இரண்டொருவர் சொன்னார்கள். மற்றவர்களில் சிலர் சட்டென்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள், சிலர் தட்டையே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தந்தி துணியைத் தடவிப் பார்த்து, துணி நல்லாயிருக்கு என்றாளாம்.

அம்மாக்களைக் கூப்பிட்டு, பிள்ளை வயிற்றில் இருந்தபோது எங்கே வேலை செய்தீர்கள் என்று நர்ஸம்மா கேட்டார்கள். முதலில் பெட்டிக்கடைக்காரி, “ராணி அறையிலங்க” என்றாள், நகை போட்டுக் காட்டுவது மாதிரி. அடுத்தவளும் ராணி அறை. அதற்கடுத்தவளும். “நான் தலைச்சனுக்கும் ராணி, கடைசிக்கும் ராணி” என்று தையல்காரி நெஞ்சை நிமிர்த்தினாள். என் முறை வந்தபோது நர்ஸம்மாவின் பேனா எழுதாமல் அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் என்னைக் கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் அறையைப் பார்க்க வந்தார்கள். மேஸ்திரி ராஜமரியாதை செய்து திண்டில் உட்கார வைத்தார். வேலை எப்படி என்று தெரிய வேண்டும் என்று, முற்பகல் முழுவதும் உள்ளே இருந்த பெண்களோடு சேர்ந்து ஈர இலையை வெறுங்கையால் கட்டினார்கள். வெளியே வந்தவர்களுக்குக் கால் நிற்கவில்லை. முகம் வெளுத்து, தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள். என் வாய்தான் சும்மா இருக்காதே, “என்னங்க நர்ஸம்மா, இந்த வயசுல உங்களுக்கும் விசேஷமா?” என்று கேட்டுவிட்டேன். கிடங்கு முழுக்கச் சிரிப்பு. மேஸ்திரியும் சிரித்துக்கொண்டே எலுமிச்சைத் தண்ணீரை நீட்டினார்.

சிரிப்பு ஒரே நேரத்தில் எல்லோருக்கும் நின்றது. அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அவர்களுக்கு வாந்தி வந்தது இலையால் என்றால், எங்களுக்கு அத்தனை வருஷமும் வந்தது எதனால்? மசக்கை என்று நினைத்துத்தானே அந்தத் தண்ணீரையெல்லாம் குடித்தோம்.

நர்ஸம்மா வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் சொன்னார்கள். புகைத்தால்தான் என்று இல்லையாம். ஈர இலையைத் தொட்டாலும், வாயில் ஒதுக்கினாலும் அதன் விஷம் ரத்தத்தில் ஏறும், அங்கிருந்து கொப்பூழ்க்கொடி வழியாக உள்ளே இருப்பதற்கும் போகும். மூளை உருவாகிக்கொண்டிருக்கும் நேரம் அது. ஒன்றில் கவனம் வைப்பது, சொன்னதைப் பிடித்து வைப்பது, அவசரப்படாமல் பொறுப்பது, இதெல்லாம் சில பிள்ளைகளுக்குப் பின்னால் கஷ்டமாகலாம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகாது, இது ஒன்றுதான் காரணம் என்று எந்தப் பிள்ளையைக் காட்டியும் சத்தியம் செய்ய முடியாது, பெற்றவள் மேல் பழி போடாதீர்கள் என்றும் சொன்னார்கள். மேஸ்திரி மட்டும், “அந்தம்மா காலையில சாப்பிடாம வந்திருக்கும்” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாவம், நல்ல மனுஷன். வேறு எதைச் சொல்லிக்கொண்டு அவர் தூங்குவார்?

இது நடந்த வாரக் கடைசி, கிடங்குக்கு விடுமுறை. சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளையும் எடுத்தாயிற்று, தந்தியை மட்டும் காணோம். பீப்பாய், மாடிப்படி, உன் அண்ணன் இலை ஏற்றும் வண்டிக்கு அடியில், எங்கும் இல்லை. ராணி அறைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. பிள்ளைகளை அந்தப் பக்கமே விட மாட்டார்கள், அவள் அதற்குமுன் அந்த வாசலை மிதித்ததே இல்லை. உள்ளே இலையின் சூடு மூச்சுவிடுவது மாதிரி இருந்தது. அத்தனை இருக்கைகளில் நான் உட்கார்ந்த மூலைத் திண்டில், அப்போது நான் வைத்த மாதிரியே காலைப் பலகைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஒன்றுமே இல்லை. ஆனால் விரல்கள் இலையை அடுக்கி, காம்பைச் சேர்த்து, நாரைச் சுற்றி, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. கட்டுக் கட்டும்போது முடிச்சுக்கு முடிச்சு நான் முனகும் ராகமும் கேட்டது.

யாருடி சொல்லிக் கொடுத்தது என்றேன். “நீதாம்மா” என்றாள். எப்போது என்றேன். அடுத்த முடிச்சைப் போட்டாள். இங்கே என்ன செய்கிறாய் என்றேன். ஒளிஞ்சிட்டிருக்கேன் என்றாள். யார்கிட்ட இருந்து என்றேன். விரல்கள் நிற்கவில்லை. “மறந்துட்டேன்” என்றாள்.

நான் தூக்கத்தில் கையை அசைப்பதைப் பார்த்திருப்பாள் என்று உன் அண்ணன் சொல்கிறார். இருக்கலாம். காலையில் சொன்ன பாடம் மத்தியானம் வரை நிற்காத தலையில், சொல்லாத ஒன்று இப்படி நிற்கிறதே என்று நான் கேட்டேன். அவர் விளக்கை எடுத்துக்கொண்டு வேலையில்லாமல் வாசலுக்குப் போனார்.

அழாதே. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். நர்ஸம்மா சொன்னபடி இப்போது ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் சொல்கிறேன். அதையும் பாட்டாகப் பாடி அனுப்புகிறேன். நேற்று உப்பு வாங்கி வரச் சொன்னேன். தெரு முழுக்க உப்பு உப்பு என்று பாடிக்கொண்டு போய், உப்போடு வந்தாள்! கடைக்காரர் மீதிச் சில்லறைக்குக் கொடுத்த மிட்டாயை மட்டும் காணோம். அதெல்லாம் மறக்காமல் சாப்பிட்டுவிடுகிறாள், உன் மருமகள் இல்லையா? டீச்சர் அவளை முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். சோம்பேறி என்று திட்டுவதை விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். இலைப் பொட்டலம் வராது. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தோடு கிராம்பு அனுப்பியிருக்கிறேன், வாய் கசந்தால் ஒன்றை ஒதுக்கிக்கொள். இப்போது வாயில் இலை இருந்தால், அடுத்த வரியைப் படிக்குமுன் எழுந்துபோய்த் துப்பு. துப்பிவிட்டாயா? நல்ல பெண். விட முடியாமல் கை நடுங்கினால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல், அவர்கள் வழி சொல்வார்கள் என்று நர்ஸம்மா சொன்னார்கள்.

ராணி அறையில் இடம் காலியில்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன், பொய்தான். நர்ஸம்மா வந்துபோன பிறகு மாசமான பெண்கள் யாரும் உள்ளே போவதில்லை. எல்லாத் திண்டும் காலி. மூலைத் திண்டுக்கு மேஸ்திரி புது உறை தைத்துப் போட்டிருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “நம்ம மகாராணி எப்ப வருது? சீட்டைத் துடைச்சு வெச்சிருக்கேன்” என்கிறார். ஆசையாகத்தான் கேட்கிறார். எனக்குத்தான் முதுகில் ஈரக் கையை வைத்த மாதிரி இருக்கிறது. அந்தத் திண்டு உனக்காகக் காத்திருக்கிறது. அது தெரிந்துதான் சொல்கிறேன், நீ வராதே. வந்து வீட்டில் சும்மா இருந்தாலும் இந்தத் தெருவில் தண்ணீர்கூட இலை மணக்கிறது. உன் அண்ணன் சட்டையோடும் என் முந்தானையோடும் அது வீட்டுக்குள் வருகிறது.

தனியாக இருக்கப் பயம் என்றாயே, அதற்கும் வழி செய்துவிட்டேன். கிடங்கில் லீவு சொல்லிவிட்டேன். உன் அண்ணனுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தேன், கஞ்சியையும் சோற்றையும் சரியாக அடையாளம் காட்டுகிறார். துணிகளை எல்லாம் வாசம் போகும்வரை வெந்நீரில் அலசிக் காயப்போட்டிருக்கிறேன். அவை காய்ந்ததும் நானும் தந்தியும் புறப்படுகிறோம். உனக்குப் பிள்ளை பிறக்கும்வரை உன் மாடியறையில் நான் சமைப்பேன், நீ குறை சொல்லலாம். தந்தி உனக்காகப் பாடிக்கொண்டே கடைக்குப் போய் வருவாள்.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நல்லபடியாக இருக்க வேண்டும். அது சொன்னதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், உன்னை எதிர்த்துப் பேச வேண்டும், ஒளிந்தால் பொறுக்காமல் எட்டிப் பார்க்க வேண்டும். என் கண்ணே, ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்புகிறேன், மறந்துவிடாதே. இருக்கிற இடத்திலேயே இரு. நான் வந்து உன்னைக் கண்டுபிடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணி