பத்தொன்பது பெயர்கள்

என் நைனாவுக்கு,

நீ போய் மூன்று வாரமாகிறது. நம்ம பேப்பரின் கடைசி இதழுக்கு அச்சு கோர்த்துக்கொண்டிருக்கிறேன். மாமா நாளை மறுநாள் அச்சு மிஷினை விற்கிறார். அதற்குள் இந்தக் கடிதத்தை அதில் போட்டுவிட வேண்டும்.

ராயபுரத்தில் ஏழு வருஷம் நம்ம பேப்பர் எப்படி ஓடியது? கல்யாணமோ கூட்டமோ, வந்தவர் பெயரையெல்லாம் நீ போடுவாய். படிக்கத் தெரியாதவர்கள்கூட வாங்கி, தங்கள் பெயர் எங்கே என்று கேட்டு அங்கே விரல் வைத்துப் பார்ப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி, அச்சு கோர்க்க உட்கார வைத்தாய்.

மில் ஆட்கள் சங்கம் வைக்கக் கூட்டம் போட்ட செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தாய். அதில் பெயர்களே இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர் எழுதிய தாள் உன் மேஜையில் கிடந்தது. செய்திக்குக் கீழே இடமும் காலியாக இருந்தது. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். எழுப்பிக் கேட்கக் கூச்சம். பத்தொன்பது பெயரையும் கோர்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை மில் வாசலில் வெள்ளைக்காரத் துரையின் கிளார்க் நம்ம பேப்பரைப் பிரித்து, ஒவ்வொரு பெயராக வாசித்து, அத்தனை பேரையும் வேலையிலிருந்து நீக்கினான்.

அவர்களில் ஒருவரான முனுசாமியின் பெண்சாதி அன்று சாயங்காலம் நம் வாசலுக்கு வந்தாள். "இன்னாய்யா, துரை வூட்ல துன்னுட்டு வந்து எழுதினியா? எம் புள்ளைங்க இனிமே உம் பேப்பரையா துன்னும்?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு, "நான்தாம்மா போட்டேன்" என்றாய். ஏன் நைனா?

அதன்பின் மீன்காரிகள் மீன் சுற்றக்கூட நம்ம பேப்பரைத் தொடவில்லை. நீ இறந்த அன்று பாடை தூக்க நாலு பேர் வரவில்லை. மாமாவும் நானும் கைவண்டியில் வைத்துத் தள்ளினோம். பெண் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று தடுக்கவும் ஆள் இல்லை.

வழியில் குழாயடியில் முனுசாமி நின்றிருந்தான். "சாவுக்கு யார் யார் வந்தாங்கோன்னு பேப்பர்ல போடு மே. எடம் நெறய மிச்சமாவும்" என்றான். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். கோர்த்தது நான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் தள்ளினேன்.

முனுசாமி இப்போது கால்வாய்ப் படகில் உப்பு மூட்டை தூக்குகிறான். மற்றவர்களில் பாதிப் பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள். மில்லில் புது ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சங்கம் என்று இப்போது யாரும் வாயெடுப்பதில்லை.

இது அச்சானதும் முதலில் முனுசாமி வீட்டுக்குப் போவேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி நானே வாசிப்பேன். துப்பினால் துப்பட்டும். முடிக்கும்வரை நகரமாட்டேன், நைனா.

நீ காட்டிக்கொடுக்காத உன் மகள்,
நாகம்மா