குடை வரைந்த ஓரம்

10-7-1961
சாரல் விடவில்லை. டிராயிங்கோடு ஏழாம் வகுப்பு வருகைப் பதிவும் என் தலையில். ராபியா இன்றும் பெயர் கூப்பிட்டதும் கையை மட்டும் தூக்கினாள். குற்றாலத்தில் அருவி அவள் அண்ணன் ஆதமை அடித்துக்கொண்டு போன நாளிலிருந்து வாய் திறப்பதில்லை. முத்துவடிவு அவளை "ஏட்டி ஊமச்சி" என்கிறாள். பின்னால் ஒரே சிரிப்பு. பிள்ளைகளா இவை?

14-7-1961
வகுப்பே சேர்ந்து ஒரே படம் வரையட்டும் என்றேன். ராபியாவின் வாப்பா தறியில் நெய்த நீளத் துணியைக் கொடுத்தனுப்பினார். ஒருத்தி விட்ட இடத்தில் அடுத்தவள் தொடர வேண்டும். ராபியாவுக்குப் பக்கத்தில் முத்துவடிவு. முறைத்தாள். முறைக்கட்டும்.

26-7-1961
எல்லாரும் அருவி வரைந்தார்கள். ராபியா வலது ஓரத்தில், பாறைமேல் ஒரு பையனை நிறுத்தினாள்.
"இது யாருட்டி?" என்றாள் முத்துவடிவு.
"எங்க அண்ணன்."
பேசினாள்! முத்துவடிவு தூரிகையை வாங்கி அவன் தலைக்கு மேலே ஒரு குடை போட்டாள். "நனையுதான்லா" என்றாள்.

27-7-1961
"உள்ளேன், டீச்சர்." ராபியாதான். வெட்கமில்லாமல் அழுதேன்.

14-8-1961
நாளை சுதந்திர தின விழா. மேடையில் தொங்கவிட எங்கள் படத்துணி நீளமாம். தலைமையாசிரியை அகிலாண்டேஸ்வரி அம்மாள் ஓரத்தைப் பார்த்தார். "செத்த பயல மேடையிலயா தொங்கவிடப் போறிய? அத வெட்டுங்க."
"அம்மா, பிள்ளைய மனசு..."
"ஒங்க வேல இன்னும் பெர்மனென்ட் ஆகல. நெனப்பிருக்கா?"
வெட்டினேன். என் கத்தரிக்கோல், என் கை. துணி மடங்காமல் மறுமுனையைப் பிடிக்க அந்த அம்மாள் கூப்பிட்டது யாரை? ராபியாவை! பாவி, நானாவது வேறொருத்தியைக் கூப்பிட்டிருக்கலாமே. அவள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நேராக வெட்டுப்பட்டது.

15-8-1961
ஒரே கைதட்டல். எனக்குப் பேனா பரிசு. அதில்தான் இதை எழுதுகிறேன், நன்றாக எழுதுகிறது.

16-8-1961
வெட்டிய துண்டைக் கிழித்து, கரும்பலகை துடைக்க வகுப்புக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு வந்த துண்டில் குடை இருந்தது.
பெயர் கூப்பிட்டேன். முதலில் இசக்கியம்மாள். கையைத் தூக்கினாள். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். தூக்கிய கையை இறக்கவில்லை. அடுத்தவளும் கை. முத்துவடிவும் கை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராபியாவும் பழையபடி கையை மட்டும் தூக்கினாள்.
வகுப்பில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் வந்திருப்பதாகக் குறித்தேன்.