செல்வராசா அண்ணையின்ர பேரில ஓடின குதிரை

என்ர ரவித் தம்பிக்கு,

நீ போய் வருசம் திரும்புற நேரத்தில உனக்குக் கடிதம் எழுத வேண்டி வந்திட்டுது. சுகமோ எண்டு கேக்கேலாது. ஆனா ஏசலாம், அதுக்கு ஒருத்தரும் தடை சொல்லமாட்டினம். டேய், உயிரோட இருக்கேக்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இப்பிடித் தலை சுத்தி நிக்கமாட்டன்.

உன்ர குதிரையைப் பற்றித்தான் கதை. ஓம், நீ குதிரை எண்டு கூப்பிடுற அந்தப் பழைய போட் றேஸ் என்ஜின். நீ போனாப்பிறகு உன்ர முள்ளிவாய்க்கால் வீட்டைப் பூட்டேக்க வலையெல்லாத்தையும் மற்றவைக்குக் குடுத்திட்டு, அதை மட்டும் ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுவந்து நெல்லு மூட்டையளுக்குப் பக்கத்தில வைச்சிருந்தன். அத்தான் அதில காலை இடிச்சுப்போட்டு, கடலில்லாத ஊரில இதென்னத்துக்கு எண்டு ஒவ்வொரு நாளும் புறுபுறுப்பார்.

போன மாசம் கனடாவில இருந்து கபிலன் எண்டு ஒரு பெடியன் வந்தான். பழைய றேஸ் என்ஜின்களைத் தேடிச் சேக்கிறது அவன்ர விசர். கண்டவுடன நிலத்தில குந்திட்டான். இதில நியூட்ரல் இல்லை, கயித்தைச் சுத்தி இழுத்தால் அந்தக் கணமே போட் பாயும் எண்டு எனக்கு விளங்கப்படுத்தினான். எனக்குத் தெரியாதோ? நீ கயித்தை இழுத்துப்போட்டுத் தண்ணிக்க விழ, போட் தன்பாட்டில போனதைக் கரையில நிண்டு பாத்தவள் நான்.

அதைக் கனடாவுக்குக் கொண்டுபோய் ஒரு மண்டபத்தில வைப்பானாம். பக்கத்தில ஒரு பித்தளைத் தகட்டில, ஆரிட்ட இருந்து ஆரிட்டப் போனதெண்டு சொந்தக்காரற்ற பேரெல்லாம் வரிசையா வெட்டுவானாம். கலியாணம் பேசுறவை கூட இப்பிடிப் பரம்பரை கேக்கமாட்டினம். ஆனா எனக்கு ஆசை வந்திட்டுது. உனக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை. நானும் போனால் உன்ர பேரைச் சொல்ல ஆள் இல்லை. தகட்டில எண்டாலும் கிடக்கட்டுமே எண்டு ஓம் சொல்லிப்போட்டன்.

முதல் ஆள் ஒரு வெள்ளைக்காரனாம், குளத்தில போட் றேஸ் ஓடினவனாம், பேர் கபிலனுக்கும் தெரியாது. பிறகு முல்லைத்தீவு ஐஸ் கொம்பனி முதலாளி. இது நீயே எனக்குச் சொன்ன கதை. அடுத்த பேர் உன்ரதானே எண்டு உறுதிப்படுத்த முதலாளியின்ர மகனைத் தேடிப் போனன். கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, தகப்பன் அந்த என்ஜினைக் குடுத்தது செல்வராசாவுக்கு, ரவிக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டார்.

நான் நம்பேல்லை. செல்வராசா அண்ணை உன்ர பக்கத்து வளவுக்காரர், உன்னோட போட்டிக்கு ஓடினவர், கடைசிச் சண்டையில செத்துப்போனவர். மனுசன் மாறிச் சொல்லுது எண்டு நினைச்சு, என்ஜின் திருத்துற பொன்னுத்துரை அண்ணையைக் கூட்டிவந்து காட்டினன். அவர் அடிப்பக்கத்தைத் தடவிப் பாத்திட்டு, இந்த ஒட்டு தன்ர கை வேலை, செல்வராசாவுக்கு ஒட்டிக் குடுத்தது எண்டார்.

அப்ப நீ எனக்குச் சொன்னது என்ன? இடம்பெயரேக்க மண்ணுக்க தாட்டு வைச்ச எங்கட என்ஜினைக் கிண்டி எடுத்திட்டன் எண்டாய். கடற்கரைச் சனம் எல்லாரும் தாட்டுப்போட்டுத்தானே போனவை. நான் கலியாணம் கட்டி வயல்பக்கம் வந்த ஆள், எனக்கு எல்லா என்ஜினும் ஒண்டுதான். ஆனா அதைச் சுத்தியிருந்த நீலச் சீலையைக் கண்டனான். இது ஆரின்ர சீலையடா எண்டு கேக்க நீ சிரிச்சாய். ஏன் சிரிச்சனி?

இன்னொண்டும் ஞாபகம் வந்துது. எங்கட சித்திரை வருசப் போட்டியில ஓட்டுறவன்ர பேரைச் சொல்லுறதில்லை, என்ஜின் சொந்தக்காரன்ர பேரைத்தான் சொல்லுறது. போட் இறக்கேக்கயும் அந்தப் பேர், வெண்டாலும் அந்தப் பேர். நீ ஓடின ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கியில செல்வராசா எண்டுதான் கேட்டது. நான் சண்டைக்கு வெளிக்கிட, "விடக்கா, செத்த மனுசன்ர பேர் ஒருக்காக் கேக்கட்டும்" எண்டாய். சிநேகிதனுக்குச் செய்யுற மரியாதை எண்டெல்லோ நினைச்சன். இப்ப கள்ளன் எண்ட சொல்லு மனசுக்க வந்திட்டுது. வந்திட்டுது, என்ன செய்ய?

கடைசியா, செல்வராசா அண்ணையின்ர பெண்சாதி மலரக்காவைப் பாக்க நெடுங்கேணிக்கு பஸ் ஏறினன். மகளோட இருக்கிறா. என்னெண்டு தொடங்குறதெண்டு தெரியாமல் குசினி வாசலில நிண்டன். உள்ளுக்கு, சுவர்த் தட்டில, சில்வர் குடங்கள் அடுக்கிக் கிடக்கு. ஒவ்வொண்டிலயும் முதலாம் இடம் எண்டு சிவப்புப் பெயின்ரால எழுதியிருக்கு. எனக்கு ஒண்டுகூடத் தரேல்லை எண்டு நான் உன்னோட கோவிச்சுக்கொண்டு திரிஞ்ச, நீ வெண்டெடுத்த அதே குடங்கள்.

மலரக்கா எல்லாம் சொன்னா. சண்டை முடிஞ்சு நீ திரும்பிப் போகேக்க வேலி இல்லை, பனையெல்லாம் தலையில்லாமல் நிண்டது, அதில வளவு மாறித் தங்கட வளவைக் கிண்டிப்போட்டாயாம். என்ஜினையும் தான் அதில சுத்திவிட்ட நீலச் சீலையையும் கண்டவுடன ஆரின்ர எண்டு விளங்கி, அவாவைத் தேடி வந்தனியாம். இதை இஞ்ச வைச்சு நான் என்ன செய்ய, அவற்ற பேரில ஓட்டு எண்டு தான்தான் சொன்னதாம்.

அப்ப எங்கட என்ஜின் எங்க எண்டு கேட்டன். நீ திரும்பப் போய் எங்கட வளவிலயும் கிண்டினனியாம். என்ஜினுக்கு முதல் வேற என்னவோ தெரிஞ்சதாம். மூடிப்போட்டுக் கற்பூரம் கொளுத்திட்டு வந்தனியாம். ஆரெண்டு நீ சொல்லேல்லை, தானும் கேக்கேல்லை எண்டா. அந்த மூலையில ஒரு தென்னம்பிள்ளை வையடா எண்டு நான் எத்தினை தரம் ஏசியிருப்பன். நீ எழும்பிப் போவாய்.

தகட்டுக் கதையையும் சொன்னன். சொந்தக்காரர் வரிசையில ரவியின்ர பேரை இனி வைக்கேலாது எண்டன். மலரக்கா திரும்பிக் குடங்களைப் பாத்தா.

"என்ர மனுசன்ர பேருக்குக் கீழ ரவியின்ர பேரைப் போடு சாந்தி. நான் அவனுக்குக் குடுத்திட்டன்."

"எப்ப அக்கா குடுத்தனீங்கள்?"

"இப்பதான்."

செத்தவனுக்கு ஒரு சாமானைக் குடுக்கலாமோ தம்பி? நீ அதைக் காவல் வைச்சிருந்தனியோ, இரவல் வாங்கியிருந்தனியோ, எனக்கு இன்னும் விளங்கேல்லை. என்னட்ட ஏன் மறைச்சாய் எண்டதும் பாதிதான் விளங்குது.

மலரக்கா இன்னொரு கட்டளையும் போட்டிட்டா. கனடாவுக்குப் போக முதல் வாற சித்திரை வருசத்துக்குக் குதிரை ஒருக்கா ஓடவேணுமாம். ஓட்டுறது கபிலன். கயிறு இழுத்த கையோட தண்ணிக்க விழுவான், அது வேற கதை.

உனக்கு வாக்குத் தாறன். இனி என்ஜின்காரன் நீதானே, அண்டைக்கு போட் இறக்கேக்க ஒலிபெருக்கியில உன்ர பேர்தான் கேக்கும். மலரக்காவும் நானும் கரையில நிப்பம். குடம் கிடைச்சால் நானே நெடுங்கேணி பஸ்ஸில மடியில வைச்சுக் கொண்டுபோய் மற்றதுகளுக்குப் பக்கத்தில வைப்பன். எனக்கு வேண்டாம்.

உன்ர பேரைக் கேக்கக் காத்துக்கொண்டிருக்கிற
உன்ர அக்கா,
சாந்தி