உன் தங்கையின் பின்னல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று பேரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உன் தங்கையைச் சேர்த்து எழுதக் கை வரவில்லை.

அந்த வாயாடி ஏன் போனுக்கு வரமாட்டேன் என்கிறாள், வீட்டுக்குள் எதற்குத் தொப்பி என்று கேட்டாயே. போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு நேரே நம் சலூனுக்கு வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்க்காமல் அப்படியே ஒட்ட வெட்டிடுங்கப்பா, இப்போ இதான் ஃபேஷன் என்றாள். நானும் மடையன் மாதிரி பெருமையாக வெட்டினேன். என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள், இவள் கடைசிவரை கண்ணைத் திறக்கவே இல்லை. அவள் போனபிறகு பின்னலை அவிழ்த்தால் உள்ளே முழுக்கச் சூயிங்கம். பின் பெஞ்சுப் பிள்ளைகள் தினமும் ஒட்டினார்களாம், அம்மா மடியில் போட்டுக்கொண்டு கேட்டபிறகுதான் வாயைத் திறந்தாள். காலையில் வயிற்றுவலி, சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வரும், நாங்களோ பரீட்சை பயம் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். முடி போனபிறகும் விடவில்லையம்மா, மொட்டை மொட்டை என்று ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பு டீச்சர் இதெல்லாம் விளையாட்டு, பெருசு பண்ணாதீங்க என்றார். எனக்கு வந்ததே கோபம். விளையாட்டுன்னா என் பொண்ணும் சேர்ந்து சிரிச்சிருக்கணுமே என்று கேட்டுவிட்டு நேரே தலைமை ஆசிரியையிடம் போனேன். அவர் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார், தொல்லை நின்றது. தொப்பிதான் இன்னும் இறங்கவில்லை. மனநல டாக்டரம்மாவிடம் வாராவாரம் கூட்டிப் போகிறோம், ஆற நாளாகும் என்கிறார்.

நீ இங்கே இருந்தபோது காலையில் சீப்புக்காக நீங்கள் இருவரும் போடும் சண்டையில் வீடே இரண்டுபடும், வாயை மூடுங்கடி என்று கத்துவேன். இப்போது அந்தச் சத்தத்துக்கு ஏங்கிக் கிடக்கிறேன். அவள் போனுக்கு வந்தால் முடியைப் பற்றியும் மார்க்கைப் பற்றியும் கேட்காதே, பழையபடி கிண்டல் பண்ணு, போதும்.

நேற்றுச் சலூனைக் கூட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து நின்று அக்கா எப்பப்பா வருவா என்றாள். ஆறு மாதத்தில் என்றேன். தொப்பிக்குள் கையை விட்டுப் பிடரியைத் தடவிப் பார்த்து, அவ பின்றதுக்குள்ள வளந்துருமாப்பா என்றாள். ஆறு மாதத்தில் முடி எவ்வளவு வளரும் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வளந்துரும்டா என்று சொல்லிவிட்டேன். எத்தனை குட்டையாக இருந்தாலும் நீ வந்து எப்படியாவது பின்னிவிட்டு என் வாக்கைக் காப்பாற்று, கண்ணு.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், லீவுக்கு இப்போதே சொல்லி வை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா